கயல் எல்லையைத் தாண்டிவிட்டாள்

பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் "எந்த மெஷினையும் முழுசா நம்பாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த நான், பத்தடி தள்ளி அடுப்படியில் நிற்கும் மனுஷியை நம்பாமல், பாதித் தீப்பெட்டி அளவு இருந்த ஒரு மெஷினை ஏன் நம்பினேன்?

இந்தக் கேள்வியை என்னையே கேட்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. குளிக்கும்போது ஒரு பதில் தோன்றும். தலை துவட்டுவதற்குள் அது தப்பு என்று தோன்றிவிடும். எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்றுதான் இதை எழுதுகிறேன். (எழுதுவது சரியா என்று இப்போதே சந்தேகமாகத்தான் இருக்கிறது. அத்தை படித்துவிட்டால்? படித்தாலும் கஷ்டம், படிக்காமல் போனாலும் கஷ்டம்.)

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் பிரியா. சாப்ட்வேர் எழுதுவது வேலை. ஆலங்குடியில் மாமியார் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். கணவர் சிங்கப்பூரில். வீட்டில் நான், என் மாமியார் (அத்தை என்றுதான் கூப்பிடுவேன்), அப்போது ஒன்றேகால் வயதாகியிருந்த மகள் கயல். அந்தச் சமயத்தில் ஒரு கிடாக்குட்டியும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் தப்பிக்க முடியாது.

எங்கள் சொந்தத்தில் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "ஆத்தா, போனு அடுப்பு மாதிரி கொதிக்குது." "பிரியா, இதுல தொடாமலே படம் படமா வருது." இன்வெர்ட்டர் ஓடவில்லை என்றாலும் எனக்குத்தான் ஆள் வரும். நானும் பார்த்துக் கொடுப்பேன். சும்மா கொடுக்க மாட்டேன், கூடவே ஒரு பிரசங்கமும் உண்டு. டார்ச் அடிக்க ஒரு செயலி எதற்கு? அந்தச் செயலிக்கு உங்கள் சொந்தக்காரர் நம்பரெல்லாம் எதற்கு? சிரிக்கிற முகம் போட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்களே, அவர்கள் யார்? உங்கள் சித்தப்பாவா?

இந்த விஷயத்தில் என் கருத்துகள் ரொம்பக் கெட்டி. வாஷிங் மெஷினுக்கு வைபை தேவையில்லை. துவைத்து முடித்ததும் பாட்டுப் பாடவும் தேவையில்லை. நல்லா ஓடிக்கொண்டிருக்கும் செயலியை 'புதுப்பித்தோம்' என்று சொல்லி, பட்டனை இடத்தில் இருந்து எடுத்து வேறு இடத்தில் ஒளித்து வைப்பவனுக்கு மோர்கூடக் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட மோசம் குழந்தைச் சாமான். பால் சூட்டைச் சொல்லும் புட்டி, ஈரமானால் போனுக்குச் செய்தி அனுப்பும் டயப்பர். (ஈரமானால் பிள்ளையே அழுமே!) இதெல்லாம் பிள்ளைக்காக விற்பதில்லை, தாயின் பயத்துக்காக விற்பது என்று கர்ப்பமாக இருக்கும்போதே அலுவலகத் தோழிகளிடம் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். கை தட்டினார்கள்.

பிறகு பிள்ளை பிறந்தது.

எனக்கு என்ன ஆனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கயல் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். விரல் பட்டு எழுந்துவிடுவாள். எழுந்ததும் நிம்மதியாக இருக்கும். பிறகு மறுபடியும் தூங்க வைக்க ஒரு மணி நேரம். வேலைக்குத் திரும்பியபின் அந்த அறைக் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, ஒரு பக்கக் காதை மட்டும் திறந்து வைத்திருப்பேன். போனைத் திறந்தால் 'ஒரு நொடி கவனிக்காததால் நடந்த விபரீதம்' என்று யாரோ போட்ட வீடியோ. அதை ஒன்று பார்த்தேன். அதற்கப்புறம் அந்தப் போன் எனக்கு வேறு எதையும் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை, எப்படி அது வேலை செய்கிறது என்று எனக்கு வரிவரியாகத் தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.

ஒரு நாள் மீட்டிங் முடிந்து வெளியே வந்தால் அத்தையையும் காணோம், பிள்ளையையும் காணோம். பத்து நிமிஷம்தான். எதிர்வீட்டில் மாட்டுக்குக் கன்று பிறந்திருக்கிறது என்று காட்டக் கூட்டிப் போயிருந்தார். நான் கொல்லையில் நின்று தேம்பிக்கொண்டிருந்தேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்குத்தா இப்ப அழுகுற? கன்னுக்குட்டி பாக்கப் போனோம். நாலு புள்ளைய வளத்தவ நான், ஒரு புள்ளையத் தொலைச்சுருவேனா?"

"இல்லைங்க அத்தை" என்றேன். அன்று சாயங்காலமே அந்தக் கருவிக்கு ஆர்டர் போட்டேன்.

பிள்ளை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும் கருவி. உள்ளே ஒரு குட்டி சிம் கார்டு. சட்டையில் குத்தலாம், செருப்பில் வைக்கலாம் என்று போட்டிருந்தது. கயல் சட்டையை நிமிஷத்தில் கழற்றிவிடுவாள், செருப்பே போடமாட்டாள். அவள் உடம்பில் எப்போதும் இருப்பது ஒன்றுதான், இடுப்பில் அரணாக்கயிறு. கறுப்புக் கயிறு, அதில் அத்தை கோயிலில் மந்திரித்துக் கட்டிய தாயத்து. அதற்குப் பக்கத்திலேயே கருவியையும் கோத்துக் கட்டினேன்.

"இது எந்தக் கோயில் தாயத்து?" என்றார் அத்தை.

"தாயத்து இல்லைங்க அத்தை. பாப்பா எங்க இருந்தாலும் என் போன்ல காட்டும்."

"எங்கூடத்தான இருக்கா. நான் எங்கன இருக்கேன்னு எனக்கே தெரியுமே."

நான் கயிற்றின் முடிச்சை இறுக்கினேன். பதில் தெரியாமல் இல்லை, சொல்லியிருந்தால் அது மரியாதையாக இருந்திருக்காது.

கருவியோடு வந்த செயலி, நான் பத்து வருஷமாகத் திட்டிவந்த எல்லாக் குற்றங்களையும் ஒரே இடத்தில் செய்திருந்தது. திறந்தால் விளம்பரம், மூடினால் 'எங்களை ஏன் பிரிகிறீர்கள்?' என்று கேள்வி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நானே எழுதினேன். மூன்று நாள், பிள்ளை தூங்கும் நேரமெல்லாம் உட்கார்ந்து. வீட்டைச் சுற்றி ஒரு வட்டம். அங்கன்வாடி, கோயில், கடை எல்லாம் வட்டத்துக்கு உள்ளே. கருவி வட்டத்தைத் தாண்டினால் செய்தி போகும். செய்தியில் பிள்ளை பெயர், இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம், கூட இருப்பவர் யார். நான் பார்த்துக்கொண்டால் என் பெயர், அத்தை பார்த்துக்கொண்டால் அத்தை பெயர். அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று ஓர் இடம் விட்டிருந்தேன்.

அந்த இடத்தைக் காலியாக விட முடியாது. யாரும் மாற்றாவிட்டால் தானாக ஒரு பெயர் வர வேண்டும். எங்கள் தொழிலில் அதை டீஃபால்ட் என்போம். நான் யோசிக்கவே இல்லை. கை தானாக அத்தையின் பெயரைத் தட்டியது, தனலட்சுமி.

(புரோகிராம் எழுதுபவர்களின் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அவர்கள் டீஃபால்ட்டாக எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இதை நான் இளையவர்களுக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். அப்போதும் கை தட்டினார்கள்.)

செய்தி யாருக்குப் போக வேண்டும் என்று கணவரைக் கேட்டேன். "எனக்கு மட்டும் வந்தா சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு நான் என்னத்தப் பண்ண? நம்ம ஃபேமிலி குரூப்புக்கு வர்ற மாதிரி வையி. யாராவது பக்கத்துல இருக்கவுக பாப்பாக" என்றார். எனக்கும் சரியென்று பட்டது. அந்தக் குழுவில் தொண்ணூற்று நான்கு பேர். இலுப்பூரில் இருந்து மணமேல்குடி வரை, மாவட்டத்தில் எங்கள் ஆள் இல்லாத பஸ் ஸ்டாப் கிடையாது. அவ்வளவு பேருக்கும் காலையில் பூப்படத்தோடு வணக்கம் சொல்வதைத் தவிர வேறு வேலை இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

இப்போது கிடாக்குட்டி. அத்தையின் தம்பி மணமேல்குடியில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவரைச் சின்ன மாமா என்போம். அவர் வீட்டு நேர்த்திக்கடனுக்காக அத்தை அந்தக் குட்டியை வளர்த்துக்கொண்டிருந்தார். கயலுக்கு அதுதான் கூட்டாளி. அதன் காதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவே பழகினாள். அன்றைக்குச் சாயங்காலம் சின்ன மாமா அனுப்பும் லோடு ஆட்டோவில் அது போக வேண்டும்.

அன்று காலை பதினொரு மணிக்கு எனக்குப் பெரிய மீட்டிங். வெளிநாட்டு வாடிக்கையாளர் முன்னால் நாங்கள் எழுதிய ஒரு எச்சரிக்கை அமைப்பை நான் விளக்க வேண்டும். தப்பான எச்சரிக்கை போகாமல் இருக்க என்னென்ன செய்திருக்கிறோம் என்பதுதான் என் பகுதி. (இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் நானே வெட்டியிருப்பேன்.) நைட்டிக்கு மேல் ஆபீஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு, கேமராவில் கோட்டு மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மீட்டிங் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அத்தை கதவருகில் வந்து நின்றார். கயல் இடுப்பில். அத்தை ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அன்றைக்கென்று இரண்டு காதையும் மூடியிருந்தேன். நான் சிரித்தேன். தலையை ஆட்டினேன். "சரிங்க அத்தை" என்று வாயை மட்டும் அசைத்தேன்.

அவர் சொன்னது என்ன என்று பிறகு தெரிந்தது. அது இது:

"பிரியா, ஒந் தாயத்து பட்டுப் பட்டுப் புள்ள வயித்துல செவந்து போச்சுத்தா. தோலு கீறிருக்கு. அரணாக்கயித்த மாத்திட்டேன். கழட்டுன கயித்தத் தரையில போடக் கூடாது, அதான் குட்டி கழுத்துல கட்டிருக்கேன். அந்தக் கழுதையும் ஊர்சுத்துது, எங்கிட்டு மேயுதுன்னு ஒனக்காவது தெரியும்ல. சாயந்தரம் வண்டி வரும்போது ஞாபகமா அவுத்துக்க. நான் புள்ளைக்கு எடை போட அங்கன்வாடி போயிட்டு வாரேன்."

ஒரு விஷயத்தைக்கூட விடவில்லை, பாருங்கள். காரணம், நிலைமை, அடுத்து செய்ய வேண்டியது, போகும் இடம். இவ்வளவு தெளிவாக நான் வேலை பார்க்கும் இடத்தில் யாரும் ஒரு குறிப்பு எழுதி நான் பார்த்ததில்லை.

அரை மணி நேரம் கழித்து ஜன்னல் பக்கம் ஓர் ஆள் வந்து நின்றான். லோடு ஆட்டோக்காரன். சாயங்காலம் வர வேண்டியவன், வேறு லோடு கிடைத்ததால் முன்னாலேயே வந்திருக்கிறான். குட்டியைக் காட்டி ஏதோ கேட்டான். நான் அப்போது 'தப்பான எச்சரிக்கையால் மக்களின் நம்பிக்கை போய்விடும்' என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சை நிறுத்தாமல் கையை மட்டும் காட்டினேன், எடுத்துக்கொண்டு போ என்று. நான்தான் காட்டினேன். இந்த வலது கைதான்.

கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது.

'எச்சரிக்கை. கயல் எல்லையைத் தாண்டிவிட்டாள். உடன் இருப்பவர்: தனலட்சுமி.'

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. வேலை செய்கிறதே! அடுத்த நொடி வரைபடத்தைத் திறந்தேன். அதில் கயலைக் காட்டும் சிவப்புப் புள்ளி அறந்தாங்கி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. நடக்கும் வேகத்தில் இல்லை.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். "அத்தை! பாப்பாவக் காணோம்!" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். யாரும் இல்லை. அத்தையின் போனுக்கு அடித்தேன். அது மாவு டப்பா மேலேயே அடித்தது. அங்கன்வாடி மூன்று தெரு தள்ளித்தான். அங்கே ஒரு எட்டு போய்ப் பார்த்திருக்கலாம். தோன்றவில்லை. புள்ளி கீரமங்கலத்தை நோக்கிப் போகும்போது அங்கன்வாடிக்கு யாராவது போவார்களா? மெஷின் சொல்கிறதே!

அப்படியே தெருவுக்கு ஓடினேன். நைட்டி, கோட்டு, காலில் செருப்பில்லை. முக்கில் நிற்கும் ஆட்டோ சரவணன் அண்ணன் என்னைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

"என்னத்தா, யாருக்கு என்ன ஆச்சு?"

"அண்ணே, எம்புள்ளயக் கொண்டு போறாங்க. கீரமங்கலம் ரோட்டுல. வெரசாப் போங்கண்ணே!"

"யாரு கொண்டு போறா?"

"தெரியலண்ணே!"

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த ஆட்டோ அவ்வளவு வேகமாகப் போகும் என்று அதற்கே தெரிந்திருக்காது.

இதற்குள் குழுவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு முறை செய்தி அனுப்பிவிட்டால் போதும், திரும்ப அனுப்பாதே என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. அதனால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை தொண்ணூற்று நான்கு பேருக்கும் அதே செய்தி போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் 'உடன் இருப்பவர்: தனலட்சுமி'. கீழே குரல் செய்திகள்.

"தனம் அக்காதான் கூட இருக்காகன்னு போட்டுருக்கே, அப்பறம் என்ன?"

"கூட இருக்கவுக என்னத்தப் பாத்தாக?"

"போன எடுக்க மாட்டேங்குறாக. மதினிக்கு என்னமோ ஆயிருச்சு."

"நானும் தம்பியும் மெயின் ரோட்டுல நிக்கிறோம். எந்த வண்டி, நம்பர் சொல்லுங்க."

"எப்பவுமே அவுகளுக்குக் கவனம் பத்தாது. நான் அன்னைக்கே சொன்னேன்."

இந்தக் கடைசிக் குரல் யாருடையது என்று நான் சொல்லப் போவதில்லை. அது இன்னும் குழுவில் இருக்கிறது. அதை அழிக்க என்னால் முடியாது, அனுப்பியவர்தான் அழிக்க வேண்டும். நானும் கேட்டுப் பார்த்தேன்.

அந்தச் செய்திகளை நிறுத்த என் போனில் ஒரே ஒரு வரி தட்டினால் போதும். அந்த வழியை நானே வைத்திருந்தேன். அதுவும் தோன்றவில்லை. நான் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி நின்றால் உயிர் போனது, நகர்ந்தால் வேறு மாதிரி போனது.

என் வீட்டில் அதே நேரம் நடந்ததைப் பிறகு என் டீம் லீடர் நித்யா சொன்னாள். ஹெட்போனைப் பிடுங்கியதால் சத்தமெல்லாம் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரில் வர ஆரம்பித்துவிட்டது. மைக்கும் திறந்தே இருந்தது. நான் கத்தியதைப் பதினேழு பேர் கேட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்களாம். யாரும் மீட்டிங்கை முடிக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து அத்தை, கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் சத்துமாவுப் பொட்டலத்தோடு உள்ளே வந்திருக்கிறார். கதவு விரியத் திறந்து கிடப்பதைப் பார்த்து என் அறையை எட்டிப் பார்த்திருக்கிறார்.

"ஆன்ட்டி!" என்று கம்ப்யூட்டருக்குள் இருந்து நித்யா கூப்பிட்டிருக்கிறாள். "குழந்தை கிடைச்சிருச்சா?"

அத்தை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எந்தக் குழந்தை?" என்றிருக்கிறார்.

"கயல், ஆன்ட்டி! பிரியாவோட குழந்தை! காணாமப் போயிருச்சாமே!"

அத்தை இடுப்பில் இருந்த கயலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக் காட்டியிருக்கிறார். கயல் கையசைத்திருக்கிறாள். பதினேழு பேரும் பதிலுக்குக் கையசைத்திருக்கிறார்கள். நித்யா உடனே என் போனுக்கு அடித்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் வரிசையாக அடித்துக்கொண்டிருந்ததால் கிடைக்கவே இல்லை. அப்புறம் அத்தை அடுப்படிக்குப் போய்த் தன் போனை எடுத்திருக்கிறார். எடுத்த முதல் அழைப்பில், "புள்ளையத் தொலைச்சிட்டு எங்கிட்டு ஒக்காந்திருக்கீக?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

அதற்கு அத்தை என்ன சொன்னார் என்று தெரியவில்லை. நித்யாவுக்குக் கேட்கவில்லை. நான் அத்தையிடம் இதுவரை கேட்கவில்லை.

கீரமங்கலம் தாண்டி, அறந்தாங்கி போவதற்கு முன்னால் ஒரு முக்கில் புள்ளி நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரே கூட்டம். எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர், செய்தியில் வந்த வரைபடத்தைப் பார்த்து, ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு பைக்கை நிறுத்தியிருந்தார்கள். நடுவில் அந்த லோடு ஆட்டோ. ஒரு கான்ஸ்டபிளும் இருந்தார். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும், "அந்தா, அந்த அக்காதான் சார் கையக் காட்டுனாக!" என்று கத்தினான்.

நான் வண்டிக்குப் பின்னால் ஓடினேன். தேங்காய் மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவில் கிடாக்குட்டி. கழுத்தில் கறுப்புக் கயிறு. கயிற்றில் என் கருவி, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு.

கான்ஸ்டபிள் போனில் செய்தியைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், என் கோட்டையும் நைட்டியையும் பார்த்தார்.

"கயல்ங்கிறது இதானாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் குட்டி என்னைத் தெரிந்துகொண்டு "மே" என்றது. கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். அந்த நேரத்தில் நித்யாவின் அழைப்பு கிடைத்தது. "பாப்பா வீட்ல இருக்கா பிரியா, நான் பார்த்தேன், உன் மாமியார் இடுப்பில இருக்கா." நான் ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டேன். போன் இன்னொரு முறை அதிர்ந்தது. 'எச்சரிக்கை. கயல் எல்லையைத் தாண்டிவிட்டாள். உடன் இருப்பவர்: தனலட்சுமி.'

வீடு திரும்பியபோது வாசலில் ஒரு வேனும் நாலைந்து பைக்கும் நின்றன. உள்ளே முப்பது பேர் இருக்கும். அழுவதற்காக வந்தவர்கள், அழ வேண்டியதில்லை என்று தெரிந்ததும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது அத்தை. கயல் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் கயலைத் தூக்கிக்கொண்டேன். சட்டை மேலே ஏறியது. இடுப்பில் புதுக் கயிறு, தாயத்து. அதற்குப் பக்கத்தில், கருவி இருந்த இடத்தில், தோல் உரிந்து சிவந்த ஒரு தடம். மேலே மஞ்சள் பூசியிருந்தார். எத்தனை நாளாக இருந்ததோ. அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று நான் நாளுக்கு நூறு தடவை பார்த்திருக்கிறேன். வயிற்றைப் பார்க்கவில்லை.

அத்தை என்னிடம் ஒரு டம்ளர் காபியை நீட்டினார். "ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தானத்தா போனேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "நீ தலைய ஆட்டுனியே."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சொந்தத்தில் இதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தக் கிடா வெட்டப்படவில்லை. "புள்ளைன்னு நெனச்சு ஊரே அழுதாச்சு, இனிமே அத எப்புடி வெட்டுறது?" என்று சின்ன மாமா நேர்த்திக்கடனுக்கு வேறு கிடா பிடித்துவிட்டார். அது மணமேல்குடியில் கொழுத்துத் திரிகிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கயல். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் "பிரியா, மூத்தது எப்புடி இருக்கு? போன்ல காட்டுதா?" என்று கேட்பார்கள். என் கணவர்கூடச் சிங்கப்பூரில் இருந்து, "ரெண்டு புள்ளைக்காரி" என்கிறார். வேலையிலும் அப்படித்தான். வாடிக்கையாளர் ஒவ்வொரு மீட்டிங்கிலும் முதலில் கேட்பது கயலை, அடுத்து ஆட்டை.

நானும் சிரிக்கிறேன். அத்தை சிரிப்பதில்லை. சிரிக்காமல் இருப்பதும் இல்லை, உதட்டை மட்டும் லேசாக இழுத்துக்கொள்வார்.

எட்டு மாதமாக அத்தை கயலை வாசல் கேட்டுக்கு வெளியே தூக்கிப் போனதில்லை. அங்கன்வாடிக்கு நான்தான் போகிறேன். எதிர்வீட்டுக் கன்றுக்குட்டி வளர்ந்துவிட்டது, கயல் பார்க்கவில்லை. கொல்லைக்குப் போவதாக இருந்தால்கூட என் அறை வாசலில் வந்து நிற்பார். நான் ஹெட்போனை இரண்டு காதிலிருந்தும் எடுக்கும்வரை நிற்பார். எடுத்ததும், "கொல்லைக்குப் போறோம். எழுதிக்க" என்பார். சொந்தக்காரர்கள் இருந்தால் இதற்கு ஒரு பெரிய சிரிப்பு எழும்.

மன்னிப்புக் கேட்காமல் இல்லை. அன்றைக்கே கேட்டேன். "அட, விடுத்தா" என்றார். குழுவில் நீளமாக ஒரு விளக்கம் போட்டேன், தப்பு முழுக்க என்னுடையது, அத்தையுடையது ஒன்றுமில்லை என்று. அதற்குப் பதினோரு பேர் ஆட்டுப் படம் போட்டார்கள். நான் எழுதிய அந்தப் புரோகிராமை வரி விடாமல் அழித்தேன். அழிப்பதற்கு முன் அந்த டீஃபால்ட் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்? தெரியவில்லை. கருவி பீரோவில் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் மனசு வரவில்லை.

இப்போது விஷயம் அவசரமாகிவிட்டது. அடுத்த மாதத்தில் இருந்து வாரத்தில் மூன்று நாள் திருச்சி ஆபீசுக்கு நேரில் வர வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். காலை பஸ்ஸில் போனால் திரும்பி வர இருட்டிவிடும். கயலை அத்தையிடம்தான் விட வேண்டும். விட எனக்கு முழுச் சம்மதம், இந்த முறை உண்மையாகவே. ஆனால் அதை நான் கேட்க வேண்டும். நேற்றுக் கேட்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அத்தை திரும்பிப் பார்த்து, "என்னத்தா?" என்றார். "உப்பு இருக்காங்க அத்தை?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். உப்பு ஜாடி என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது.

ஆபீசில் இருக்கும்போது எனக்கு உள்ளே பதறும், அது எனக்குத் தெரியும். அதை மறைத்து 'உங்களை நம்புகிறேன்' என்று சொன்னால் பொய் மாதிரி இருக்குமா? பதறும் என்றும் சொல்லி, நம்புகிறேன் என்றும் சொன்னால் புரியுமா? தொண்ணூற்று நான்கு பேர் முன்னால் போன பெயரை ஒருத்தியாக நின்று அடுப்படியில் திருப்பிக் கொடுக்க முடியுமா?

மருமகளாக இருந்தவர்கள், மாமியாராக இருப்பவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். அத்தையிடம் நான் எப்படிக் கேட்பது? என்ன வார்த்தை சொல்லி ஆரம்பிப்பது? எனக்கு ஒரு தனிக் கடிதமாக எழுதிவிடுங்கள், கோடி புண்ணியம். குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.